கெண்டியிலிருந்து நூல்

மூக்கு நெளிந்த இனாமல் கெண்டி.
தேவகோட்டைப் பழைய சாமான் கடையில்
நூற்றிருபது சொல்லி எண்பதுக்குத் தந்தார்கள்.
உள்ளே நூற்கண்டு.
மூக்கு வழியே ஒழுகுகிறது மஞ்சள் நூல்.
இனி அது கட்டிலடிக்கு ஓடித்
தூசி பூசிக்கொண்டு வராது.

குரோஷா ஊசிகள் தூக்குவாளியில்.
மூன்றரை எண் மட்டும் என் கொண்டையில்;
வீடெல்லாம் தேடிய பிறகுதான்
அது நினைவுக்கு வரும்.

பத்துக் கண்ணிக்கு ஓர் ஊக்கு.
எண்ணும்போது பேசாதீர்கள் என்றால்
சாத்தப்பன் எப்போது கேட்டார்?
முப்பத்தேழில் வந்து
"டீ இருக்கா?" என்று
கெண்டியைத் தூக்கிச் சாய்த்தார்.

கோப்பையில் விழுந்தது
ஒரு முழம் மஞ்சள்.

"ஆறிப்போச்சு" என்றார்.

மூன்றாம் ஊக்கிலிருந்து
மறுபடி எண்ணுகிறேன்,
சிரிப்பு அடங்காமல்,
கண்ணி கொஞ்சம் தளர்வாக.