நிகர எடை

ஜூன்.
காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் ஆலைகள் மூச்சுவிடும் மாதம்
என்று சொல்கிறார்கள்.
இரண்டாம் அலையில் போன என் மூக்கு
இன்னும் திரும்பவில்லை.
பொன் உரசிப் பார்க்கிறவனுக்கு மூக்கு எதற்கு?
மேனேஜரிடம் சொல்லவில்லை.

டோக்கன் முப்பத்தொன்று, ரஹமத்துன்னிசா.
ஆலையில் கொட்டை பிரிக்கிறவர்,
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்
ஒரு மாங்காய்ப் பதக்கம்.
வயிறெல்லாம் ஊசி நுழையாத பொடித்துளைகள்,
காம்பைத் திருகினால் மூடி.

"அத்தர்தான்" என்றார்.
அத்தருக்கெல்லாம் கடன் கிடையாதும்மா.
"இதுக்குப் பேரே அத்தர்தான், சார்."

பிளேக் வந்து கிருஷ்ணகிரி சனம்
ஊரைப் பூட்டிவிட்டு வயல்வெளியில் கிடந்தபோது
அவர் வழியில் ஒருவர் மய்யித்து குளிப்பாட்டினாராம்.
பட்டு வியாபாரி வீட்டு அம்மாள் கழுத்திலிருந்து
கூலியாகக் கழற்றிக் கொடுத்தது.
மூக்குக்குக் கிட்டே மணம் இருந்தால்
நோய் அண்டாது என்று
அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள்.
அம்மாள் போட்டிருந்தும் போய்ச் சேர்ந்தாள்.
அவர்?
"பிழைச்சாரு. அதனாலதானே நான் வரிசையில நிக்கறேன்."

என் கழுத்திலும் தொங்கியது ஒரு வருஷம்:
ஓமம், கிராம்பு, கட்டிக் கற்பூரம்.
பொன்னில் இல்லை,
பழைய கைக்குட்டை முனையில்.

உள்ளீடு இருந்தால் நீக்கி எடை போடுக.
விதி அது.
காம்பைத் திருகினேன்,
இடுக்கியால் பஞ்சை இழுத்தேன்.
பழுப்பாய், கூடு கலைந்த புழுப்போல
வந்துகொண்டே இருந்தது.

மொத்தம் 4.820
கழிவு 0.140
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
வரிசையே என் பக்கம் திரும்பியிருக்கிறது.
காவலாளி தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார்.
முப்பத்திரண்டாம் டோக்கன் பையன்
வாசலைப் பார்த்து
"யாரு வந்தது?" என்கிறான்.
மேனேஜர் கேபினைவிட்டு எழுந்து வந்து
எதுவும் கேட்காமல் நிற்கிறார்.

நான் தராசையே பார்த்தேன்.
ரஹமத்துன்னிசா குனிந்து, மெதுவாக,
"சாருக்கு வரலையா?"

பதில் சொல்ல விதி இல்லை.
நிகரம் 4.680, ஒன்பதரை வட்டி, ஒரு வருஷம்.
பஞ்சை மட்டும் திருப்பிக் கேட்டார்.
அதற்கு வட்டி இல்லையே.
காது மடிப்பில் செருகி, முக்காட்டை இழுத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.

ராத்திரி சோறு பிசையும்போது
பூங்கோதை என் கையைப் பிடித்து
மூக்கருகே கொண்டுபோய்
அப்படியே வைத்திருந்தாள்.
சாம்பார் ஆறியது.
"என்னங்க இது?"

நீதான் சொல்லணும் என்றேன்.