ஆரஞ்சு நாள்

இரவு எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது.
நாளை ஆரஞ்சு நாள்.
யு.கே.ஜி. பிள்ளைகள் ஆரஞ்சு நிறத்தில்
ஏதாவது ஒன்றாக வரவும்.
இருபத்தாறு பேருக்குத் தின்பண்டம், அதுவும் ஆரஞ்சு.
கீழே கைகூப்பும் படம் ஒன்று.
ஜெசிந்தா மிஸ்ஸும் இப்போதுதான்
சோறு வடித்திருப்பார் போல.

பாலாடாவில் இந்நேரம் கடை கிடையாது.
ஆனாலும் ஆரஞ்சுக்கா பஞ்சம்?
கட்டிலுக்கடியில் அரை மூட்டை கிடக்கிறது,
மண்டியில் கழித்துப் போட்டது.
கால் இரண்டு முளைத்தது, இடுப்பு ஒடிந்தது,
மூக்கு வைத்துக்கொண்டு யாரையோ முறைப்பது.
என் நகக்கண்ணிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

'கேரட்டாப் போறியா தங்கம்?
பச்சைத் துண்டைத் தலையில கட்டினா முடிஞ்சுது.'
ஷர்விகா நிமிரவில்லை.
'எல்லாரும் கேரட்டாத்தான் வருவாங்க.
நான் ரெண்டு மணி வண்டி.'

ரெண்டு மணி வண்டி என்றால்
எங்களை அறுப்புக்கு ஏற்றிப்போகும் பிக்கப்.
மஞ்சில் வண்டி தெரியாது.
முக்கில் திரும்பும்போது
ஒரு பக்கம் மட்டும் எரிந்து எரிந்து அணையும்,
ஆரஞ்சாக.
அப்பன் குறட்டைக்குப் பக்கத்தில்
இவளும் தூங்குகிறாள் என்றுதான்
இத்தனை நாள் கதவைச் சாத்திப் போனேன்.

ஒன்றும் சொல்லாமல் துருவ உட்கார்ந்தேன்.
இரண்டு டம்ளர் துருவலுக்கு ஒரு டம்ளர் சீனி,
ஏலக்காய் இரண்டு,
நெய் என்று பேருக்கு ஒரு கரண்டி.
ஈரம் சுண்டியதும் தேங்காய்ப்பூ.
கை பொறுக்கும் சூட்டில் உருட்டி
சன்னல் கட்டையில் வைத்தால் போதும்,
வெளியே நிற்கும் குளிர்தான் ஃபிரிட்ஜ்.
இருபத்தேழு உருட்டினேன்.
காலையில் இருபத்தாறு இருக்கும் என்று தெரியும்.

வண்டிக்கு பிஸ்கட் பெட்டி.
சக்கரத்துக்குத் தயிர் டப்பா மூடி நாலு.
மைதாப் பசை இந்த ஊரில் காயவே காயாது;
அடுப்பில் காட்டியதில் அட்டை ஒருபக்கம் சுருண்டது.
'மோதின வண்டி' என்று ஏற்றுக்கொண்டாள்.
தீபாவளி மிக்சர் பொட்டலத்தின் ஆரஞ்சுக் கண்ணாடித்தாளை
என் நெற்றி விளக்கின்மேல் இழுத்து
ரப்பர் பேண்ட் போட்டாள்.
'லைட்டு எனக்கு வேணுமேடி.'
'போய்ட்டு எட்டு மணிக்கு வந்துரு'
என்றாள், மேஸ்திரி மாதிரி.

தாளைக் கழற்ற மறந்தேன்.
போஜன் தோட்டத்தில் குனிந்து சுவிட்சைப் போட்டால்
இலையெல்லாம் கறுப்பு.
ஒரு கொத்தைப் பிடுங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன்.
நிறமே இல்லை.
முள்ளங்கியா கேரட்டா, சத்தியமாகத் தெரியவில்லை.
பதினோரு வருஷம் பிடுங்கியதில்
முதல் தடவையாக
முகர்ந்து பார்த்தேன்.

'என்னக்கா, இண்டிகேட்டர் போட்டுக்கிட்டு நிக்கிற?
எந்தப் பக்கம் திரும்பப் போற?'
தவராணி சிரித்ததில்
நாலு வரிசை தள்ளி யாருக்கோ விக்கல் எடுத்தது.
கழற்றினால் கிழியும்.
அன்றைக்கு முழுக்கக் கையால் தடவியே
மூட்டை கட்டினேன், மூன்று குறைவாக.

எட்டு பத்துக்கு வாசலில் பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றாள்.
விளக்கு வாரில் அப்பியிருந்த சேற்றைத்
துடைக்கப் போனேன்.
'விடும்மா, வண்டின்னா சேறு இருக்கும்ல.'

பிறகு தூங்கிவிட்டேன்.
எழுந்து பார்த்தால் போனில் ஒரு படம்.
ஒன்பது கேரட், ஒரு கமலாப்பழம்,
அழுதுகொண்டே ஒரு செண்டுமல்லி.
ஓரத்தில் என் மகள்.
மிஸ் படம் எடுத்த அந்த நொடியில் பார்த்து
விளக்கு அணைந்திருக்கிறது.
அவளே அணைத்தாளாம்.
'மினுக்குனாத்தானே இண்டிகேட்டர்.'

அடுத்த வெள்ளி ஊதா நாளாம்.
கட்டிலுக்கடியில் பீட்ரூட்டும் இருக்கிறது.
என்னவாகப் போகிறாய் என்று கேட்கத்தான்
கொஞ்சம் பயமாக இருக்கிறது.
இருட்டில் இன்னும்
எதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாளோ.