ஏழு சமன்கள்

பழைய நாற்காலியில் ஒரு தாள்,
புதிய நாற்காலியில் ஒரு தாள்.
க்ளைப்பேடா துறைமுக மருத்துவமனை,
டயாலிசிஸ் வார்டு, பிப்ரவரி.
சன்னலுக்குக் கீழே சந்தையில்
வெள்ளரிக்காய் வாசமடிக்கும் பொடிமீன்களைக்
கூடை கூடையாய் இறக்குகிறார்கள்.
நான் இருபத்துமூன்று பேரை இறக்குகிறேன்
கணினிக்குள்.

இருக்கை வசதியாக உள்ளதா?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.

டாக்டர் கின்தவுதஸ் கோட்டைக் கழற்றாமலே நிற்கிறார்:
"ரெண்டு சராசரி, ஒரு டி-சோதனை.
பன்னிரண்டு மணிக்குக் கூட்டம்."

இது இரண்டு கூட்டமில்லை டாக்டர்,
ஒரே ஆள் இரண்டு முறை.
ப்ரோனிஸ்லவாவின் அக்டோபரை
ப்ரோனிஸ்லவாவின் பிப்ரவரியோடுதான்
பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

"சரி, ஜோடி டி-சோதனை."

ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறுவது
முதுகெரிச்சல் நின்று உறங்கிப்போவது.
நாலிலிருந்து ஐந்துக்கு ஏறுவது
தலையணையைக் கொஞ்சம் நகர்த்துவது.
இரண்டையும் ஒரே முழக்கோலால் அளந்தால்
துணிக்கடைக்காரனே சிரிப்பான்.

வில்காக்சன் இருக்கிறது.
வித்தியாசங்களை உயரவாரியாக
வரிசையில் நிறுத்தும்.
ஆனால் யாருடைய ஏற்றம் பெரிது என்று சொல்ல
எனக்குத் துணிவில்லை.
கடைசியில் கையில் வந்தது
இருப்பதிலேயே ஏழைச் சோதனை.
ஏறினாயா, இறங்கினாயா?
அதற்குமேல் எதையும் கேட்காது.

பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.
மூன்று பேர் இறங்கினார்கள்.
நாற்காலி ஒன்றுமே செய்யாதிருந்தாலும்
காசு இவ்வளவு சாய்வாக விழ
நூற்றுக்கு மூன்றரை வாய்ப்பு.
டாக்டருக்கு அது போதும்,
மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறிப் போனார்.

எண்ணிப் பார்த்தால் பதினைந்துதான்.
ஒன்பதாம் எண்ணுக்கு
இரண்டாம் தாளே இல்லை.
மிச்சம் ஏழு பேர்
இருந்த இடத்திலேயே இருந்தவர்கள்.
சமன் என்றால் நீக்கு என்கிறது விதி.
பூச்சியத்துக்குக் குறி கிடையாது.

விதி சரிதான்.
இருந்தும் காபியை எடுத்துக்கொண்டு
வார்டுக்குள் போனேன்.

"மூன்று, மறுபடியும் மூன்றா?" என்றேன்.
ப்ரோனிஸ்லவா குழாய் அசையாமல் திரும்பினார்.
"பழசு முள்ளாய்க் குத்தியது.
விலியா தாளை நீட்டிக்கொண்டு நின்றாள்,
நல்ல பெண், முகம் வாடுமே என்று
மூன்று போட்டேன்.
புதுசு நன்றாகத்தான் இருக்கிறது.
இடது பக்கம் திரும்பினால்
ஏல்வீரா இல்லை.
அதனால் மூன்று."

இடது பக்கம்
உறை பிரிக்காத நாற்காலி.
அதில் ஒட்டிய எண் ஒன்பது.

அறிக்கையின் அடிக்குறிப்பில் எழுதினேன்:
ஏழு சமன்கள் நீக்கப்பட்டன.
ஒரு ஜோடி முழுமையில்லை.
காபி ஆறியிருந்தது.
இன்னொரு வரிக்கு இடமிருந்தது,
அதற்கு என்ன சோதனை என்று தெரியவில்லை.