பாத்தர்ஸ்ட் துறைமுகத்தில் ஒரு விடைபெறல்

சர் ஆம்ப்ரோஸ் கெட்லிக்கு இது ஆறாவது பதவி.
பெட்டியில் பழைய ஊர்ச்சீட்டைக் கிழிக்காமல்
மேலேயே புதியதை ஒட்டுவான் பணியாள்.
ஃபாக்லாந்து, அதன்மேல் கோல்ட் கோஸ்ட்,
அதன்மேல் எங்கள் காம்பியா.
மூலை உரிந்த இடத்தில்
வேறு யாருடைய ஊரின் மழைக்கறையோ.

மூன்றாண்டு.
ஒரு கடிகாரக் கோபுரம், கடலைக்கு ஒரு வரி,
வரி கட்டாத ஜாராங்கில் எரிந்த பதினோரு கூரை.
அறிக்கையில் அதைத் "தீ விபத்து" என்று
தட்டச்சு செய்தவன் நான்தான்.
மொழிபெயர்ப்பாளன்.
மாதம் நாலு பவுண்டு, ஆண்டுக்கொரு ஜோடி காலணி.

இன்று புறப்படுகிறார்.
பேண்டு வாத்தியம், கொடி,
வெயிலில் வாடும் இறகுத் தொப்பி.
தாளைப் பிரித்துப் படித்தார்:
"வோல்ட்டா நதிக்கரை மக்களே,
உங்களை என்றும் மறவேன்."

வோல்ட்டா எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால்.
போன ஊரின் தாள்.

எல்லார் கண்ணும் என் வாயில்.
தலைவர்கள், மூட்டை தூக்குவோர்,
கடைசி வரிசையில் ஜாராங்கிலிருந்து நடந்து வந்த
சிரா மானே, கையில் குடையோடு.

மாண்டிங்காவில் சொன்னேன்:
"தான் எங்கே நிற்கிறோம் என்று
இவருக்குத் தெரியவில்லை."
இதைவிடச் சரியாக நான் எதையும்
மொழிபெயர்த்ததில்லை.

ஒரு கணம் அலைச்சத்தம் மட்டும்.
பிறகு கைதட்டல்.
கூரைக் காகங்கள் எழும்பிப் பறந்தன.
அவர் கண் கலங்கியது.
தொப்பியைக் கழற்றி
எங்களுக்குத் தலை குனிந்தார், முதன்முறையாக.

சிரா மானே கை தட்டவில்லை.
குடையை விரித்துக்கொண்டு
கப்பல் புள்ளியாகும்வரை நின்றாள்,
எதையோ மறந்துவிட்டேன் என்று
அவர் திரும்பி வந்துவிடாமல்
பார்த்துக்கொள்பவளைப் போல.