துரை சாப்பிடவில்லை

பதினோராவது வாரம்.
தலையணை உறைக்குள் விட்டு
சமையலறைத் தராசில் வைக்கிறேன்.
உறையின் எடை போக
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
போன வாரத்தைவிட ஒன்பது குறைவு.

பகலில் ஆலை வாசலில்
செம்பனைக் குலை லாரிகளை நிறுப்பவள் நான்.
சுமையோடு முப்பத்தெட்டு டன்,
கொட்டிய பின் பதினான்கு,
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
இருநூறு கிலோ முன்பின் இருந்தால்
யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.
இந்த ஒன்பது கிராம்
சாயங்காலம் வரை கூடவே வருகிறது.

தம்பி யுகேந்திரன்
ஜொகூர் பாருவுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனவை:
தவணை முடியாத மோட்டார் சைக்கிள்,
பெர்மிட்டின் நகல்,
கண்ணாடித் தொட்டி, அதற்குள் துரை.
"பங்களா துரை மாதிரிதான்கா.
ஒரு வேலையும் செய்யமாட்டான்,
படியளந்தா போதும்" என்று சிரித்தான்.
படி என்பது
பத்து நாளுக்கு ஓர் எலி.

பாடாங் செராயில் எலிக்கா பஞ்சம்?
குலையைக் கடிக்கும் எலிகளைப் பிடிக்க
தோட்டத்தில் கம்பம் நட்டு
ஆந்தைகளுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள்.
வாடகை இல்லை.
நான் மட்டும் பஸ் ஏறி
சுங்கை பட்டாணிக்குப் போய்
எட்டு வெள்ளிக்கு ஒன்று வாங்குகிறேன்,
வெள்ளை எலி, விஷம் தொடாதது,
கல்லாய் உறைந்தது.
ஐஸ் பெட்டியில் கெம்போங் மீனுக்கு மேலே
பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
அம்மாவுக்குத் தெரியும்.
மீனை எடுக்கும்போது
டின்னைப் பார்க்காமல் எடுப்பாள்.

சுடுதண்ணீரில் போட்டு இளக்கி,
முடி உலர்த்தும் மெஷினால் தலையைச் சூடாக்கி,
இடுக்கியில் வாலைப் பிடித்து
உயிரோடு இருப்பதுபோல் ஆட்டுகிறேன்.
ஓடுகிறது, நிற்கிறது, மோப்பம் பிடிக்கிறது.
பள்ளி நாடகத்தில்கூட
இவ்வளவு நன்றாக நான் நடித்ததில்லை.
துரை பார்க்கிறான்.
பிறகு தன் சுருளுக்குள்ளேயே
தலையைச் செருகிக்கொள்கிறான்.
வெள்ளை எலி
குப்பைக்குப் போகிறது, எட்டு வெள்ளி.

கடைக்கார ஆ செங் சொன்னார்:
"ஆம்பள பாம்பு லா. சீசன்.
ஆறு மாசம்கூட சாப்பிடாது, ஒண்ணும் ஆகாது.
நீதான் மெலிஞ்சி போயிட்ட."
எதிர்வீட்டுக் கோமளவல்லி அக்கா
வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றச் சொன்னார்.
ஊற்றினேன்.
எறும்புகள் வந்தன.
துரைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா அக்கா,
நம் புற்றில் யாருக்கும் அவனைத் தெரியாது.

ஞாயிறு ராத்திரி தம்பியின் போன்.
எடுத்ததும், "சாப்பிட்டானா?"
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா
நிமிர்ந்தாள்,
கேள்வி தனக்கில்லை என்று தெரிந்ததும்
அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.
அவளும் தினமும் கேட்பவள்தான்,
அறைக்கு வெளியே நின்றபடி,
நிலைப்படியில் கால் படாமல்:
"அது தின்னுச்சா?"

செவ்வாய்க்கிழமை பேய்மழை.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
தொட்டிக்கு அடியில் சூட்டுப் பாய்
கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.
கைப்பேசி வெளிச்சத்தில்
என்ன செய்வதென்று உட்கார்ந்திருந்தேன்.
அம்மா உள்ளே வந்தாள்.
இரண்டு சோடா போத்தல்களில் வெந்நீர்,
அப்பாவின் பழைய கைலியில் சுற்றியிருந்தது.
"நீயே வை" என்று நீட்டினாள்.
வைத்தேன்.
"குளிர்ல எவனுக்குப் பசிக்கும்?" என்றாள்
என்னிடமா, தொட்டியிடமா தெரியவில்லை.

மறுநாள் அவள்தான் சொன்னாள்,
கோழி ரசத்தில் முக்கிக் காட்டிப் பாரேன் என்று.
உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் போடாமல்
ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.
முக்கினேன். ஆட்டினேன்.
இடுக்கி நடுங்கியது என் கையால்தான்.

தின்னவில்லை.

மீதி ரசத்துக்கு மிளகு தட்டிப் போட்டு
நாங்கள் இருவரும் குடித்தோம்.
மணி பதினொன்று.
காலை ஷிஃப்டுக்கு முன்
எடை எழுத நோட்டைத் திறந்தேன்.
தேதி, கிராம், "இரை: மறுப்பு"
என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே
தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற
குண்டு குண்டான எழுத்தில்,
பென்சிலால்:

மூணு தடவ
நாக்க நீட்டினான்.