பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம்

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்தேன்.
உள்ளே ஒரு கட்டெறும்பு.
பதிவேட்டில் எறும்புக்குக் கட்டம் கிடையாது.
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் என்று எழுதினேன்.

வேலிக்கு வெளியே நாச்சிமுத்து.
'எழுதுங்க, எழுதுங்க.
ராத்திரி ஒண்ணே முக்காலுக்குப் போச்சே ஒரு பிளேன்,
அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?'
மேகத்தில் உப்பைத் தூவிக்
கேரளாக்காரன் கலைத்துவிடுகிறானாம்.

வேலந்தாவளம் பாலத்தைத் தாண்டிச்
சாயா குடிக்கப் போனால்
அங்கேயும் அதே விமானம், அதே உப்பு.
கலைப்பது மட்டும்
கோயம்புத்தூர் மில்காரர்கள்.

ஒருநாள் மலையைக் காட்டினேன்.
காற்று ஏறும், அந்தப் பக்கமே கொட்டித் தீர்க்கும்,
இங்கே வெறுங்கையோடு இறங்கும் என்றேன்.
நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார்.
தொள்ளாயிரம் அடியில் வெறும் புழுதி வந்த போர்வெல்லை,
மொட்டையாய் நிற்கும் இருநூறு தென்னையை
ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டார்.
பிறகு,
'மலை மேல எப்படீங்க கோவிச்சுக்கறது?'

ஆவணியில் என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்தோம்.
எதனால் என்று கேட்டேன்.
'சிலருக்கு வரும்' என்றார் டாக்டர்,
அடுத்த சீட்டைப் பார்த்தபடி.

சிலருக்கு.

அந்தச் சொல்லோடு அன்றிரவு
மொட்டைமாடியில் நின்றிருந்தேன்.
ஒன்றே முக்கால். வானம் காலி.
ஒன்று நாற்பத்தொன்பதுக்குத்தான் வந்தது,
சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய.

நான்கு நிமிடம்
எங்கே இருந்தது?