ஆவுளியாவுக்கு எத்தனை தாலம்

மேலூரிலிருந்து லாரியில் வந்த கல்
மண்டபம் கொட்டகையில் ஆறு நாள் சும்மா படுத்திருந்தது.
தட்டினால் வெண்கல ஓசை. நல்ல கல்.
வனத்துறை கேட்டது கடற்கரைக்கு ஒரு கடற்பசு,
ஏழடி நீளம், ஆடி முடிவதற்குள்.

சாமிக்குத் தாலக் கணக்கு உண்டு.
ஆவுளியாவுக்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.
நேரில் பார்த்ததுமில்லை.
செல்போனுக்கு வந்த படத்தில்
தண்ணீர்தான் அதிகம்.

பஸ் ஏறி உத்தரகோசமங்கை போனேன்,
யாளியிடம் கேட்க.
எவன் கண்ணிலும் படாத மிருகம்.
ஆனாலும் எடை இறங்கும் பின்னங்காலில்
தொடைச் சதை கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது.
பூனை சோம்பல் முறிப்பதைப் பார்த்திருப்பான்,
சந்தையில் மூச்சு வாங்கும் மாட்டை.
வேறெங்கிருந்து வரும் அந்தத் தொடை?

வாய்க்குள் விரல் விட்டு உருண்டையை உருட்டினேன்.
எண்ணெய்ப் பிசுக்கோடு சுற்றியது.
பல்லுக்குப் பின்னால், விளக்கு எட்டாத அண்ணத்தில்,
உளித்தடம் எல்லாம் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது.
இடது கைக்காரன்.
என்னைப் போல.
குருக்கள் அதட்டும்வரை கையை எடுக்கவில்லை.

மறுநாள் சின்னப்பாலத்தில் இருளாயியைப் பிடித்தேன்.
பாசி எடுக்க முங்குகிறவள்,
இரண்டு தடவை கண்டவள்.
"எப்படி இருக்கும்?"
"எங்க முழுசாப் பாத்தேன்?
மூக்கு வரும். புஸ்ஸுன்னு ஒரு மூச்சு.
முதுகு நகரும், கவுத்துப் போட்ட வத்தையாட்டம்.
அப்புறம் தண்ணிதான்.
புல்லு மேஞ்ச எடத்துல மட்டும்
வகிடு எடுத்தாப்புல தரையில ஒரு கோடு கெடக்கும்."
சொல்லிக்கொண்டே விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.
பாறை கிழித்த இடம் வெளுத்து ஊறியிருந்தது.

அன்று ராத்திரி
செங்காவியில் போட்ட கோடுகளில் பாதியை அழித்தேன்.
மூக்குக்கும் முதுகுக்கும் மட்டும் மெருகு.
கன்னம் திரும்பும் இடத்தில் சொரசொரப்பு தொடங்கட்டும்,
வால் கல்லுக்குள்ளேயே இருக்கட்டும்.
அடியில், யாரும் குனியாத இடத்தில்
ஒரு வகிடு இழுத்தேன்.
தடம் எந்தப் பக்கம் சரிந்தது என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி இருபதில் ரேஞ்சர் வந்தார்.
கச்சான் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
அதற்கு மேல் கத்தினார்:
"மீதி எப்பய்யா முடியும்?"

தண்ணீர்க்குடத்தோடு உள்ளே வந்த இருளாயி
கல்லைப் பார்த்ததும் நின்றாள்.
குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.
"மெதுவாப் பேசுங்க சார், முங்கிரும்."

அவர் டேப்பை நீட்டிப் பிடித்தார்.
ஏழடி, ஒரு அங்குலம்.
குறித்துக்கொண்டார்.